ஆளில்லாமல் வந்த வண்டி

சிட்டு என்கிற அந்தச் செவலைக் குதிரை ஓடினால் பின்னால் வரும் வண்டிகளுக்குப் புழுதிதான் மிஞ்சும். ஆனால் ஒரு கோப்பைகூட இதுவரை மந்தாரக்குப்பத்துக்கு வந்ததில்லை. பண்ருட்டிப் பக்கம் ஓடியபோது எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சக்கரம் கழன்று ஓடியது. அடுத்த பந்தயத்தில் முதலாவதாக வந்தும், திரும்பும் இடத்தில் வாங்கிய கொடியை வண்டி ஓட்டிய பரீத் வழியில் தவறவிட்டதால் செல்லாது என்றுவிட்டார்கள்.

"சுழி சரியில்லாத குதிரைம்மா, யாருக்காச்சும் தள்ளி வுட்டுடு" என்று கோழிக்கடைக்கு வருகிறவர்களெல்லாம் முனவராவுக்குப் புத்தி சொன்னார்கள். அவள் கறியை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். அந்தியூர் சந்தையில் அத்தனை குட்டிகளுக்கு நடுவே அதைக் கைகாட்டி வாங்கியவள் அவள்தான். ஓட்டுவது தம்பி பரீத். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்குத்தான் வருவான்.

காணும் பொங்கலன்று காலை, சுரங்க மண்மேட்டை ஒட்டிய சாலையில் பந்தயம். வண்டி பூட்டும்போதே முனவரா சாலையைப் பார்த்தாள். பந்தய வண்டிகளைத் துரத்திக்கொண்டு போகவென்றே இளவட்டங்கள் பைக்குகளை உறுமவிட்டபடி நின்றார்கள்.

"பரீத்து, பைக்கு பசங்க நெருக்கினா வுட்டுக் குடுத்துடு. புடிச்சிகினு நிக்காத."

"எத்தினி தபா வுட்டுக் குடுக்கறது? நீ சும்மா இரு, அக்கா" என்றான் அவன்.

கொடி விழுந்தது. வண்டிகள் பறந்தன. பைக்குகளின் புகைதான் பின்னால் தெரிந்தது.

விழாக் கமிட்டியின் செல்வகுமார் போனில் சேதி கேட்டுக் கேட்டு மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "திரும்பிட்டாங்க! மந்தாரக்குப்பம் சிட்டு முன்னால! நெடுமாறன் வண்டி ரெண்டாவது!" கூட்டம் கத்தியது. முனவரா முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

மறுபடி போன் வந்தது. இந்த முறை செல்வகுமார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். முனவரா அதைப் பார்த்துவிட்டாள். மேடையருகே ஓடினாள்.

"இன்னாங்க ஆச்சி?"

"யாரோ ஒருத்தரு வண்டியிலேர்ந்து வுழுந்துட்டாராம்மா. யாருன்னு சரியா கேக்கல."

அவர் திருப்பித் திருப்பி அடித்தும் எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. சாலை வெறுமையாக நீண்டு கிடந்தது. வளைவில் புழுதி கிளம்பியது. "சிட்டு! சிட்டு!" என்று யாரோ கூவினார்கள். சிட்டுவேதான். எல்லோருக்கும் முன்னால், கழுத்தை நீட்டி, அம்பு மாதிரி வந்தது. பின்னால் வண்டியில் ஆளில்லை.

கடிவாள வார் தரையில் இழுபட்டு முன்னங்கால்களுக்கிடையே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை மிதித்தால் போதும், குதிரை தலைகுப்புற விழும். எல்லைக்கோட்டைத் தாண்டியும் அது நிற்கவில்லை. எதிரே கரும்புச்சாறு வண்டி, பலூன்காரன், குழந்தைகள். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள்.

முனவரா நடுச்சாலைக்கு வந்தாள். கொட்டகையில் கொள்ளு வைக்கும்போது அழைக்கிற அதே குரலில், "சிட்டூ, வாடி, வா வா" என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். குதிரையின் காதுகள் திரும்பின. ஓட்டம் நடையானது. அவள் தோளில் மூக்கை இடித்து நின்றபோது அதன் உடம்பு முழுக்க நுரை.

அதற்குள் நெடுமாறன் வந்து சேர்ந்தான். வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தான். "அக்கா, பைக்கு ஒண்ணு சக்கரத்துல மோதிடுச்சி. அரச மரத்தாண்ட கெடக்கறாரு. என்னால நிறுத்த முடியலக்கா."

"உசுரு இருக்கா?"

"கைய ஆட்டனாருக்கா. அவ்ளோதான் பாத்தேன்."

சேதி பரவியதும் ஜனங்கள் பைக்குகளோடு சாலையில் இறங்கி வழியை அடைத்துவிட்டார்கள். காரோ ஆட்டோவோ நகர வழியில்லை. முனவரா வாரை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். "ஓட்டத் தெரியுமாம்மா?" என்று செல்வகுமார் பதறினார். தெரியாது. ஒருநாளும் ஓட்டியதில்லை.

சிட்டு வந்த வழியே திரும்பியது. பந்தயத்தை முடிக்காத வண்டிகள் எதிரே பாய்ந்து வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் உரசுகிற மாதிரி கடக்கும்போது அவள் கண்களை மூடித் திறந்தாள். சிட்டு தானாக ஓரம் கட்டி, தானாக ஓடியது. ஜனங்கள் குதிரையைக் கண்டு விலகி வழிவிட்டார்கள்.

அரச மரத்தடியில் பரீத் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோள்பட்டை ஒரு பக்கம் தொங்கியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் கண் அவளைத் தாண்டிக் குதிரையின் கால்களுக்குப் போனது.

"அதுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்லடா."

"யாரு ஓட்டிகினு வந்தது?"

"யாரும் ஓட்டல. நான் சும்மா ஒக்காந்திருந்தேன்."

"மொதல்ல வந்துச்சா?"

"வந்துச்சி. நீ இல்லாம வந்தா செல்லுமா?" என்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவன் சிரிக்கப் போய் வலி தாங்காமல் முனகினான். அவனை வண்டியில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, நடை வேகத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

பரீத்தின் தோளில் முறிந்த காரை எலும்பு ஒட்ட மூன்று மாதம் பிடித்தது. சித்திரையில் சிட்டு மறுபடி ஓடியது. சக்கரம் கழலவில்லை, பைக் மோதவில்லை, கொடியும் பரீத்தின் கையில் இருந்தது. நெடுமாறனின் குதிரைக்கு ஒரு தலையளவு பின்னால், இரண்டாவதாக வந்தது.

"தோத்துட்டமேக்கா" என்றான் பரீத்.

"அது நல்லா ஓடுச்சி, நம்மளுது கொஞ்சம் கம்மி" என்றாள் முனவரா. சுழிமேல் பழி போடாமல் அப்படிச் சொல்ல முடிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. குதிரையின் கழுத்தைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் காட்டினாள்.