வோல்ட்டின் கடைசிச் சில்லு

இனி உலகில் எந்தச் சார்ஜரும் எரியாது. அதற்கான ஏற்பாட்டை ஆராய்ச்சி மாணவன் வோல்ட்டு செய்து முடித்துவிட்டான். மனித குலம் நன்றி சொல்வதுதான் பாக்கி.

ஆய்வகத்தில் டீ குடித்தபடி அவனே இதை அறிவித்தான். "சிலிக்கானுக்கு வயசாயிடுச்சு, சூடு தாங்காது. நம்ம சிலிக்கான் கார்பைடு சிப்ப அடுப்புல போட்டாலும் இன்னும் கொஞ்சம் ஏத்துன்னு கேக்கும்."

பாதி உண்மை. அந்தப் படிகம் சூட்டையும் உயர் மின்னழுத்தத்தையும் நன்றாகவே தாங்கும். அதன்மேல் வளர்க்கிற மெல்லிய ஆக்சைடு படலத்துக்குத்தான் அந்தத் தாராள மனசு கிடையாது. காலையில் சொன்னபடி கேட்கும். மாலையில் காலை வாரிவிடும்.

அதனால் பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்யும் சீனியர் அக்கா, தன் சில்லுகளைச் சூடுதட்டில் வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். அவை செத்த பிறகுதான் கையை எடுப்பார். செத்தவை ஒரு டிபன் டப்பாவுக்குள் போகும். அந்த மூலைக்கு வோல்ட்டு வைத்த பெயர் சுடுகாடு.

"பெத்த பிள்ளைங்கள இப்படி வறுக்கிறீங்களே அக்கா, மனசு வலிக்கலையா?"

"வலிக்குது. எங்க சாகும்னு தெரியாம வெளிய அனுப்பினா இன்னும் வலிக்கும்."

"நான் என் பிள்ளைங்கள நம்புறேன்."

பிள்ளைகள் அவனை நம்பவில்லை. சாதாரணச் சோதனையிலேயே ஒவ்வொன்றாக ஷார்ட் ஆகிப் படுத்தன. ஒரே படிகத் தட்டிலிருந்து வெட்டியவற்றில் மிஞ்சியது ஒன்று. அடுத்த தட்டு வர மாதக்கணக்காகும். பேராசிரியரோ சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: நாளை ஒரு சில்லாவது மின்பேருந்துப் பணிமனையின் சோதனைச் சார்ஜரில் ஓட வேண்டும், ஓடாவிட்டால் மேசை வேறு குழுவுக்கு, வோல்ட்டு வீட்டுக்கு.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மிஞ்சிய சில்லை நுண்ணோக்கியில் பார்த்தான், துடைத்துவிட்டுப் பார்த்தான், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அது பளபளத்தது. செத்தவையும் முந்தின நாள் வரை இப்படித்தான் பளபளத்தன.

மத்தியானம் மச்சான் வந்தார். வோல்ட்டின் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்காரர், அந்தப் பணிமனையில் சார்ஜர் மெக்கானிக். சில்லை வாங்கிப்போய் மாட்டப்போவது அவர்தான்.

"என்ன மாப்ள, மூஞ்சி நனைஞ்ச செருப்பு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"உங்க அக்கா போன் மேல போன். தம்பி கண்டுபிடிச்சத பத்திரமா எடுத்துட்டுப் போங்கங்கிறா. நீங்க பத்திரமா போங்கன்னு ஒரு வார்த்தை வரல பாரு."

வோல்ட்டு சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

"கரண்ட் விடும்போது நீங்க எங்க நிப்பீங்க?"

"எங்க நிக்கிறது? மூடியக் கழட்டிட்டுத் தலைய உள்ள விட்டுத்தான் பாக்கணும். நீதான் எரியாதுன்னு சொல்லிட்டியே. கொடு, நேரமாகுது."

வோல்ட்டு சில்லை நீட்டினான். மச்சானின் விரல் அதைத் தொடுவதற்குள் கையை இழுத்துக்கொண்டான்.

"உக்காருங்க மச்சான். பேக் பண்ணிட்டு வந்துடுறேன்."

நேராகச் சுடுகாட்டுக்குப் போனான். சீனியர் அக்கா அவன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்காது. அவரோ தன் சில்லை எடுத்துவிட்டு இடம் விட்டார்.

அவன் சில்லைச் சூடுதட்டில் வைத்து, கண்ணாடி மூடியை இறக்கி, குமிழைத் திருகினான். திரையில் கோடு ஒழுங்காக ஏறியது. சார்ஜரின் மின்னழுத்த அளவுக்குப் பாதி தூரம் வந்தபோது, இதோடு நிறுத்தினால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. இன்னும் திருகினான்.

டக்கென்று ஒரு சின்னச் சத்தம். மின்னோட்டம் எகிறி, கோடு செங்குத்தாக நின்றது. சார்ஜரின் அளவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.

"என்ன மாப்ள, ஆச்சா?" என்றார் மச்சான் வெளியிலிருந்து.

சூடுதட்டு ஆறும்வரை வோல்ட்டு காத்திருந்தான். பிறகு இடுக்கியால் சில்லை எடுத்து, டிபன் டப்பாவைத் திறந்து, மற்றவற்றின் பக்கத்தில் மெதுவாக வைத்தான்.