பெரட்டு

“ஒனக்கு இருக்கிறது வாயா, இல்ல வெறும் ஓட்டையா?”

பெரியப்பா இதைக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, சாப்பாட்டு வரிசை. தட்டை நீட்டிக்கொண்டு நின்ற நான், சாம்பார் வேண்டுமா மோர் வேண்டுமா என்பதற்குப் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் குற்றம். வரிசை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ‘ஓட்டை’ என்றே பேர். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில், மலாய் ஆசிரியை என்னை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னபோது, பின் வரிசையில் யாரோ அந்தப் பேரை மெதுவாகச் சொன்னார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை.

என்னை அப்படிக் கேட்டவருக்கு இந்தச் சித்திரையில் ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. வாயில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த வீட்டுக்கு என்பதில்தான் சண்டை.

அவருடைய மகன் தேவன் அண்ணன் செனாவாங்கில் இருக்கிறார். “என் வீடு மூணாவது மாடி சித்தி. லிஃப்ட் இல்ல. ஒங்களுது தரை வீடு. குமுதாவும் சும்மாதானே இருக்கா” என்றார்.

குமுதா என்பது நான். குமுதவல்லி. சும்மா இருப்பதுதான் அந்த வீட்டில் என் வேலை என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா பஞ்சாலைக்குப் பெரியப்பாவைக் கண்டால் ஆகாது. முப்பது வருடம் ரந்தாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் மண்டோராக, வேலையாட்களுக்குக் கங்காணியாக இருந்தவர் சன்னாசி பெரியப்பா. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பேர். ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் “பேர் அடைச்சாச்சு, போ” என்று திருப்பி அனுப்பிவிடுவார். என்னை வயிற்றில் சுமந்துகொண்டு சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து வந்த அம்மாவையும் அப்படித்தான் அனுப்பினார். தம்பி பெண்டாட்டி என்று பார்க்கவில்லை. பிறகு ஏன் சேர்த்துக்கொண்டாய் என்றால், “ஒங்கப்பன தூக்கி வளத்த மனுசன். தள்ளிவிட்டா நாலு பேரு பேசுவாங்க” என்பாள். அப்பா செத்து ஆறு வருடமாகிறது. நாலு பேர் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

அம்மா இன்னும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறாள். இன்றைக்கும் பெரட்டு உண்டு, ஆட்களில் பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து பெரியப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது முதல் கரண்டியை வாய் வரை கொண்டுபோய் நிறுத்துவாள்.

“ஒரு நிமிசம் லேட்டு மண்டோரே. பேர் அடைச்சாச்சு. இன்னிக்குக் கஞ்சி இல்ல.”

அப்புறம் ஊட்டிவிடுவாள். தினமும் இதே கதைதான். பெரியப்பா இடது கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டே விழுங்குவார்.

பகலெல்லாம் நானும் அவரும்தான். துடைப்பது, காலையும் மதியமும் பேம்பர்ஸ் மாற்றுவது, வாயில் வடிவதை ஒற்றி எடுப்பது எல்லாம் என் வேலை. சன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்து எழுதும் இடத்தில் அவருடைய கட்டிலைப் போட்டுவிட்டார்கள். கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்.

“பெ... ரட்டு.”

முதல் நாள் அதைக் கேட்டதும் அம்மா சிரித்தாள். “பாத்தியா, வாய் போனாலும் பெரட்டு போகல. சுடுகாட்டுலயும் போயி ஆள் எண்ணுவாரு.” தேவன் அண்ணன் போனில் கேட்டுவிட்டு, “மூளை கலங்கிடுச்சி லா. இன்னும் தோட்டத்துலயே நிக்கிறாரு” என்றார்.

நான் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் அவரோடு பேசினேன். பதில் வராது என்று தெரிந்த ஒருவரோடு பேசுவது சுகமாக இருந்தது. அவர் பெரட்டு என்றதும் கட்டில் அருகே போய் நிற்பேன்.

“எல்லாரும் வந்தாச்சு மண்டோரே. பஞ்சாலை வந்தாச்சு. குமுதவல்லி வந்தாச்சு. சன்னாசி? சன்னாசி எங்கே? பேர் அடைச்சாச்சு, போ.”

அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார். கண்ணில் தண்ணீர் வரும். எனக்கு அது போதும். பள்ளியில் மிஞ்சிய நோட்டுப் புத்தகங்களை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் எத்தனை மணிக்குப் பெரட்டு எடுத்தார், நான் என்ன சொன்னேன் என்பதையும் அதில் எழுதிவைத்தேன். சாம்பாருக்கும் மோருக்கும் பதில் சொல்வதாக நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம் வாடை வந்தது. இடுப்புக்குக் கீழே, முதுகு முடியும் இடத்தில், முதலில் சிவந்திருந்தது. பிறகு தோல் உரிந்தது. அதற்கும் பிறகு ஐம்பது காசு அளவுக்குக் குழியாகிவிட்டது. அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டாள். தேவன் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ஒரு கெழவனப் பாத்துக்கத் தெரியல. படிப்பும் ஏறல. ஒன்னய எதுக்குத்தான் பெத்தாங்களோ.”

அம்மா, “நீ கூட்டிட்டுப் போயிப் பாத்துக்கயேன்” என்றாள்.

“அதுக்குத்தான் வந்திருக்கேன். மந்தின் போற ரோட்டுல ஒரு இல்லம் இருக்கு. பேசிட்டேன்.”

அங்கே இரண்டு கட்டாம். முன் கட்டில் நினைவு சரியாக உள்ளவர்கள். பின் கட்டில் புத்தி தடுமாறியவர்கள். பின் கட்டுக் கதவு எந்நேரமும் பூட்டியிருக்கும். கையைக் காலை வீசுகிறவர்களுக்குக் கையில் துணி உறை மாட்டிவிடுவார்களாம். “அப்பாவுக்குப் பின் கட்டுதான் சரின்னு சொல்லிட்டேன்” என்று, வாங்கி வந்த ரொட்டி சானாயை வாசல்படியில் உட்கார்ந்து பிய்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின் கட்டு என்றதும் இன்னும் கொஞ்சம் கூடியது. ரந்தாவில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்று உண்டு. அங்கே எனக்கு ஒரு மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேச வேண்டியதில்லை, மெஷின் முன்னால் உட்கார்ந்தால் போதும். கிழவர் சனிக்கிழமை போனால் நான் திங்கட்கிழமை போகலாம். போகாவிட்டால் அந்த மெஷின் வேறு யாருக்கோ.

சனிக்கிழமை விடிந்ததும் தேவன் அண்ணன் வந்துவிட்டார், ஒன்பது மணிக்கு வெள்ளை வேன் வந்தது. டிரைவர் மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே வந்தவர் மிஸி நிரஞ்சனா, அந்த இல்லத்துத் தலைமைத் தாதி. சிரம்பானில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். தோட்டத்து வீட்டுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். செருப்பைக் கழற்றினார், சிரிக்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனார்.

“ஐயா, வணக்கம்.”

“பெ... ரட்டு” என்றார் பெரியப்பா.

தேவன் அண்ணன் சிரித்தார். “பாத்தீங்களா மிஸி? விடிஞ்சதுலேருந்து இதேதான். மண்டோரா இருந்தவரு. இன்னும் பெரட்டு எடுத்துக்கிட்டு இருக்காரு.”

“என்ன எடுக்கிறார்?”

“பெரட்டு மிஸி. காலைல ஆள் கூப்புடறது.”

“எனக்கு அதொண்டும் தெரியாது” என்றார் மிஸி. ஒரு கையைப் பெரியப்பாவின் தோளுக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அவரை அப்படியே ஒருக்களித்துத் திருப்பினார். முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டை கொடுத்தார். பெரியப்பா மூச்சை நீளமாக விட்டார். அப்படி ஒரு மூச்சு அந்த நான்கு மாதத்தில் நான் கேட்டதில்லை.

“பிரட்டிவிடச் சொல்லிக் கேக்கிறார். இது விளங்கேல்லையோ உங்களுக்கு?”

அடுப்படிக் கதவில் சாய்ந்திருந்த அம்மா மெதுவாக, “தோசையப் பெரட்டுறோம். சட்டியில மீனப் பெரட்டுறோம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மிஸி துணியை விலக்கிப் புண்ணைப் பார்த்தார். மஞ்சளைத் துடைத்து எடுத்தார். “ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்போணும். ஆஸ்பத்திரியில சொல்லி விடேல்லையோ?”

“என்னமோ ஒரு பேப்பர் குடுத்தாங்க” என்றார் தேவன் அண்ணன். “காருல இருக்கும்.”

“காருக்கோ புண் வந்தது?”

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. மிஸி ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “பின் கட்டு எண்டு எழுதியிருக்கு. எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. நினைவு சரியா உள்ள ஆளெண்டால் அவரைக் கேக்காமல் நான் கொண்டு போகேலாது. இங்கேயே இருக்கப்போறன் எண்டு அவர் சொன்னால் வேன் வெறும் வேனாத்தான் திரும்பும். சொல்லுங்கோ, இந்தச் சொல்லை எந்தெந்த நேரத்தில சொல்லுறார்? நோகிற நேரம் மட்டுமோ, சும்மாவோ?”

“சும்மாதான்” என்றார் தேவன் அண்ணன். “நேரம் காலம் ஒன்னும் கெடையாது. ஒளறல்.”

மிஸி என்னைப் பார்த்தார். “பிள்ளை, பகலில நீதானே பாக்கிறது?”

“அவள ஏன் கேக்குறீங்க மிஸி? அவ பேச மாட்டா” என்று சிரித்தார் தேவன் அண்ணன். “அது ஓட்டை.”

எனக்குத் தெரியும், வாயைத் திறக்காமல் நின்றால் பத்து நிமிடத்தில் வேன் அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். திங்கட்கிழமை மெஷின். பெரியப்பா மேல் இரக்கம் வந்து நான் அடுப்படிக்குப் போகவில்லை. அந்தப் பேரை அவர் மகனும் சொன்னார் என்பதால் போனேன். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்து நோட்டை எடுத்துவந்து மிஸியிடம் நீட்டினேன்.

“எனக்கு உன்ர எழுத்து விளங்காது. வாசி” என்றார்.

வாசித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“ஜூன் ஒன்பது. ஆறு நாற்பது, பெரட்டு. எட்டே முக்கால், பெரட்டு. பத்து ஐம்பது, பெரட்டு. ஒன்று ஐந்து, பெரட்டு. பேம்பர்ஸ் மாற்றினேன். அதற்குப் பிறகு மூன்றேகால் வரைக்கும் இல்லை.”

“இன்னொரு நாள்” என்றார் மிஸி.

“ஜூலை இருபது. தேவன் அண்ணன் வந்தார். பதினெட்டு நிமிடம் இருந்தார். பெரியப்பா பெரட்டு என்றார். அண்ணன் அதைப் போனில் வீடியோ எடுத்துச் சிரித்தார்.”

“ஏய், நிறுத்து.”

“நீ வாசி பிள்ளை.”

“ஆகஸ்ட் மூன்று. ஒன்பது பத்து, பெரட்டு. நான் சொன்னேன்: சன்னாசி எங்கே? பேர் அடைச்சாச்சு, போ. அவர் அழுதார். நான் சிரித்தேன். பதினொன்றேகால், பெரட்டு. நான் சிரித்தேன்.”

அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கலாம். கண் அங்கே போய்விட்டது, வாயும் போய்விட்டது. பெரியப்பா என் பக்கம் பார்த்துத்தான் படுத்திருந்தார். மிஸி என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினார்.

“மணிக்கூடு மாதிரிக் கேட்டிருக்கிறார்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இவ்வளவும் எழுதத் தெரிஞ்ச உனக்கு, ஒரு நாளாவது அவரைத் திருப்பிப் பாக்கத் தோன்றேல்லையோ?” என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தாளில் பின் கட்டு என்பதை அடித்துவிட்டு, பெரியப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“ஐயா, உங்களுக்கு எல்லாம் விளங்குது. ஓமெண்டால் கண்ணை ஒருக்கா மூடுங்கோ. இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமோ? இனி ஒழுங்காத் திருப்புவினம். நான் சொல்லிக் குடுத்துவிட்டுப் போறன்.”

அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். தேவன் அண்ணன் சுவரைப் பார்த்தார். பெரியப்பா இங்கேயே இருக்கிறேன் என்றுதான் சொல்வார் என்று நான் நினைத்தேன். அந்தத் தோட்டத்தை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல வெளியே இருந்தறியாதவர். மெஷின் போனது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பெரியப்பா மகனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கண் மூடவில்லை. ஈ ஒன்று புருவத்தில் உட்கார்ந்தது. அப்போதும் மூடவில்லை.

“எங்களோட வர விருப்பமோ? முன் கட்டில, சன்னல் ஓரம்.”

மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை.

புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, தாள்களில் தேவன் அண்ணனிடம் கையெழுத்து வாங்கி முடிக்கப் பதினொன்று ஆகிவிட்டது. டிரைவரும் அண்ணனும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். எங்கள் வாசல் குறுகல். மெல்லச் சாய்த்துத்தான் வெளியே கொண்டுபோக முடிந்தது. அம்மா அவருடைய இரண்டு கைலிகளையும் மூக்குக் கண்ணாடியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வேனுக்குள் வைத்தாள். மண்டோர் என்று கூப்பிடவில்லை.

நான் தலையணையைக் கட்டிக்கொண்டு வேன் கதவருகே போய் நின்றேன். அவரைத் திருப்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் கேட்கும் நேரம். இந்தத் தடவை கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு. மிஸி முன் சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. இடது கை ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“பெரியப்பா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் அசையவில்லை. டிரைவர் கதவை இழுத்துச் சாத்தினார். வேன் செம்பனை மரங்களுக்கு நடுவே மண் ரோட்டில் இறங்கிப் போனது.