மந்திரி, கேட்டோ

முதல் பத்து நகர்த்தல்களுக்குள் என்னைச் சதுரங்கத்தில் அசைக்கத் திருவிதாங்கூரில் ஆள் கிடையாது. பதினொன்றாவதில் யார் வேண்டுமானாலும் அசைக்கலாம். ஓணத்தை ஒட்டி நடக்கும் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் சுற்றிலேயே தோற்றுக் கரமனை வீட்டுக்கு நடந்து வந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

போட்டியை நடத்துவது சாலைத் தெருவில் ஒரு வாசகசாலை. அங்கே நாட்டு வழக்கப்படிதான் ஆடுவார்கள். காலாள் எப்போதும் ஒரு கட்டம்தான் போகும். இங்கிலீஷ் சட்டத்தில் முதல் தடவை மட்டும் இரண்டு கட்டம் போகலாம். என்னிடம் ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் இருந்தது. ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கு மட்டுமே இருநூறு பக்கம். காலாள் இரண்டு கட்டம் போகாவிட்டால் அதில் முதல் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியாது. ஆகவே நான் கமிட்டியாரைப் பிடித்து நச்சரித்து, கொல்லம் ஆண்டு 1113 ஓணத்துக்குச் சட்டத்தையே மாற்ற வைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளுக்கும் ஒரு படி மேல், கூடத்தை இடித்துக் கட்டவைத்தேன்.

இதைக் கேள்விப்பட்டு, கச்சேரியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக் குமாஸ்தா ராஜமணி, இந்த வருஷம் இங்கிலீஷ் சட்டப்படி தோற்கப் போகிறீரா என்று பத்துப் பேர் முன்னால் கேட்டான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இந்தத் தடவையும் முதல் சுற்றில் தோற்றால் ஜென்மத்துக்கும் சதுரங்கக் காயைத் தொடமாட்டேன், பத்மநாபசுவாமி ஆணை என்று சொல்லிவிட்டேன். நாள் முழுக்கப் பிறத்தியார் எழுதியதை நகல் எடுக்கிறவனுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் ராஜாவைக் கையில் எடுக்கக் கிடைத்த இடம் அந்தப் பலகை ஒன்றுதான். அதையும் வாய்க்கொழுப்பால் பணயம் வைத்தாயிற்று.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. என் அகத்துக்காரி பகவதிக்குக் காய் நகர்த்தத் தெரியும். கல்லிடைக்குறிச்சியில் அண்ணன்மாரோடு ஆடியவள். நான் புஸ்தகத்தைப் பார்த்து வெள்ளையை நகர்த்துவேன். கறுப்புக்கு அதில் என்ன பதில் போட்டிருக்கிறதோ அதை அவள் ஆட வேண்டும். சொந்தமாக ஏதாவது ஆடினால் எனக்குப் பக்கம் தப்பிப்போகும், கத்துவேன்.

முதல் நாளே ஒரு தகராறு. திருவனந்தபுரத்தில் மூலையில் நிற்பது தேர், கோணலாகப் போவது ஆனை, ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது மந்திரி. அவள் ஊரில் மூலையில் நிற்பதுதான் ஆனை, கோணலாகப் போவது மந்திரி, ராஜா பக்கத்தில் ராணி.

"ஆனை எங்கயாவது கோணலா நடந்து பாத்திருக்கேளா? மந்திரிதான் கோணலாப் போவான்" என்றாள்.

அவள் சொன்ன பெயர்களையே வைத்துக்கொண்டேன். அவள் கோபித்துக்கொண்டால் கறுப்பை யார் ஆடுவது என்ற பயம்தான். ஆறு மாதம் எங்கள் வீட்டில் கோணலாகப் போனதெல்லாம் மந்திரிதான்.

போட்டியன்று என் எதிரே உட்கார்ந்தவர் வித்துராவிலிருந்து பஸ்ஸில் வந்த கொச்சப்பிப் பிள்ளை, எஸ்டேட் ரைட்டர், சாந்தமான மனுஷர். நான் முதல் காலாளை இரண்டு கட்டம் தள்ளியபோது அது இன்னும் போகுமோ என்பது போலப் பார்த்தார். புஸ்தகத்தில் இருந்ததையெல்லாம் மளமளவென்று ஆடினேன். பத்து நகர்த்தலில் என் காய்கள் கல்யாணப் பந்தியில் முதல் வரிசை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அதோடு புஸ்தகம் முடிந்தது.

பதினொன்றாவதாகப் பிள்ளை தம் குதிரையைத் தூக்கி நடுவில் வைத்தார். ராஜாவுக்கு அடுத்த பெரிய காய்க்கு அடி வந்தால் எதிராளியிடம் சொல்லிவிடுவது இந்த ஊர் மரியாதை. பிள்ளை மரியாதைக்காரர். மலையாளத்தில் மெல்ல எச்சரித்தார்:

"மந்திரி, கேட்டோ சாமி."

கரமனையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மந்திரி யாரென்று தெரியாதா? ஆறு மாதத்துக்கு முன்பு வரை தெரிந்திருந்தது. பார்த்தேன். கோணலாகப் போகிற காய்க்குக் குதிரையால் அடி இருந்தது, வாஸ்தவம். அதைப் பத்திரமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு, நன்றி என்று வேறு சொன்னேன். அதே குதிரை இன்னொரு பக்கம் என் ராணியின் கழுத்திலும் குளம்பை வைத்திருந்தது.

பிள்ளை உடனே வெட்டவில்லை. சொல்லியும் விட்டுவைக்கிறான் என்றால் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கால் மணி நேரம் யோசித்தார். சுற்றி நின்றவர்கள் குசுகுசுத்தார்கள். சாமி மந்திரியையே பலி கொடுக்கிறார், இங்கிலீஷ் புஸ்தக வித்தை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எதைப் புகழ்கிறார்கள் என்று தெரியாமலே நிமிர்ந்து உட்கார்ந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டேன். அந்தக் கால் மணி நேரம்தான் என் சதுரங்க வாழ்க்கையின் உச்சம்.

பிறகு பிள்ளை ராணியை எடுத்துக்கொண்டார். மந்திரி என்றல்லவா சொன்னீர் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த காயைக் காட்டி, "மந்திரிதன்னே சாமி. ஞான் பறஞ்ஞில்லே?" என்று, தாம் முன்பே சொன்னதை நினைவுபடுத்தினார். மீதி ஆட்டம் சாஸ்திரத்துக்கு.

வீட்டுக்கு வந்ததும், பலகையைக் காயோடு உன் அண்ணாவுக்கு அனுப்பிவிடு, நான் தொடக்கூடாது என்று பகவதியிடம் சொல்லி, நடந்ததையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். நாளைக்குச் சாயங்காலம் என்ன செய்வேன் என்று நிஜமாகவே தெரியவில்லை.

அவள் பலகையைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்துக் காய்களை அடுக்கினாள்.

"தொடமாட்டேன்னுதானே சத்தியம்? வாயால சொல்லுங்கோ, நான் நகர்த்தறேன்."

ராஜாவின் காலாள், இரண்டு கட்டம் என்றேன். நகர்த்தினாள். நான் பழக்கத்தில் புஸ்தகத்தைப் பிரித்தேன்.

"அதை மூடி வையுங்கோ" என்றாள். "ஆறு மாசம் அது சொன்னதை ஆடினேன். இன்னிக்கு நான் ஆடறேனே."

ஒன்பதாவது நகர்த்தலில் என் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக அல்லவா இத்தனை நாள் இருந்திருக்கிறேன். இன்னொரு ஆட்டம் போடலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"போடலாம். நான் காயை அடுக்கறதுக்குள்ள நீங்க போய் அடுப்பில இருக்கற குழம்பைக் கிளறிட்டு வாங்கோ" என்றாள். "கரண்டியைத் தொடமாட்டேன்னு சத்தியம் ஒண்ணும் பண்ணல்லையே?"