பிப்ரவரி முப்பதில் பிறந்த டெல்ஃபீன்

ராய்ஸ் கிரிட்டன், உலகில் இல்லாத ஒருத்தியைப் பணியாளராகப் பதிவு செய்தார். அடுத்த திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு வந்துவிட்டாள். மிசிசிப்பிச் சமவெளியில், பருத்தி வயல்களுக்கு நடுவே இருக்கும் டன்லீத்தில் அவருக்கு ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் இருந்தது. படுக்கையில் கிடக்கும் ஏழைகளுக்காக மெடிக்கெய்ட் திட்டத்தில் அரசு பணம் தரும். பணியாளர்கள் கூடினால் அந்தப் பணமும் கூடும். ஆகவே கிரிட்டன் டெல்ஃபீன் ரோ என்று ஒரு பணிப்பெண்ணைக் கணினியில் உண்டாக்கி, மூன்று ஷிப்டுக்கும் அவளையே போட்டு, அவசரத்தில் பிறந்த நாளைப் பிப்ரவரி முப்பது என்று தட்டிவிட்டார். வந்தவள் வெளிர்நீலச் சீருடையில் இருந்தாள். மூன்று ஷிப்டும் பார்த்தாள். வீட்டுக்குப் போகவில்லை, அவளுக்கென்று வீடு எதையும் கிரிட்டன் எழுதியிருக்கவில்லை. முதலில் அவர் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தார். பிறகு, சம்பளம் கேட்காதவளைப் பற்றி என்ன கவலை என்று தேறி, அந்தச் சம்பளத்தில் மீன்பிடிப் படகு ஒன்று வாங்கினார்.

சில ஆண்டுகள் கழித்து மாநில ஆய்வாளர் ஒரீத்தா பிக்கெட் வந்தாள். முன்பு நர்ஸாக இருந்தவள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுகிறவள். மற்ற நாட்களில் யாரையும் நம்பாதவள். சொல்லாமல்தான் வந்தாள். ஆனால் அவள் கார் கதவைச் சாத்துவதற்குள் 'ஸ்டேட் ஆளு வந்தாச்சு' என்ற செய்தி கடைசி அறைவரை ஓடி, பணியாளர்களின் காபிக் கோப்பைகள் மறைந்தன. படுக்கையருகே இருந்த ஜாடிகளில் புது ஐஸ் நிரம்பியது. இதெல்லாம் ஒரீத்தாவுக்குப் பழக்கம். பழகாதது, இல்லம் அனுப்பிய பணிப்பதிவில் இரவும் பகலும் ஓயாமல் வேலை பார்க்கும் ஒரு பெயர். அப்படி ஒருத்தி இருக்கவே முடியாது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆள் இல்லாத குளியலறையில் உதவி மணியின் கயிற்றை இழுத்துவிட்டு, யார் எப்போது வருகிறார்கள் என்று பார்ப்பது அவள் வழக்கம். அன்று கயிற்றைத் தொடும் முன்பே கதவு திறந்தது. "என்ன வேணும், மேடம்?" என்றாள் டெல்ஃபீன்.

ஒரீத்தாவின் சந்தேகம் இரண்டு மடங்கானது. நேரே சமையலறைக்குப் போய்ச் சமையல்காரி லூவீனியாவைப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு நடிக்கிறதுக்கு உங்க முதலாளி எவ்வளவு குடுத்தாரு?"

"அவரா? உப்பையே எண்ணிக் குடுக்கிற மனுஷன். நடிக்க ஆள் வெச்சா அதுக்கும் மெடிக்கெய்ட்ல பில்லு போட்டிருப்பாரு."

"அப்போ அவ யாரு?"

"தெரியாது கண்ணு. நம்பிக்கை இல்லேன்னா மிஸ்டர் ஹோசியாவை எடை போட்டுப் பாரு."

ஹோசியா பழைய டிராக்டர் ஓட்டுநர். பக்கவாதத்தில் பேச்சுப் போனதிலிருந்து யார் ஊட்டினாலும் வாயை இறுக மூடிக்கொள்வார். டெல்ஃபீன் கையிலிருந்து மட்டும் சாப்பிடுவார். ஒரீத்தா தராசையும் நம்பாமல் முதலில் தானே ஏறிப் பார்த்துவிட்டு, அவரை ஏற்றினாள். எலும்பும் தோலுமாக வந்த மனிதர் தேறியிருந்தார்.

டெல்ஃபீன் பொய் என்று எழுதினால் ஹோசியா பட்டினி. எழுதாவிட்டால் திருட்டுக்குத் துணை. ஒரீத்தா காருக்குள் உட்கார்ந்து ஜெபம் செய்தாள். பிறகு இரண்டையும் எழுதினாள்: முதலாளி திருடினார், இல்லாதவள் வேலை செய்கிறாள். கிரிட்டன் சிறைக்குப் போனார். படகு ஏலத்துக்குப் போனது. இல்லத்தை நடத்த அரசு ஒரு நிர்வாகியை அனுப்பியது. அவர் கணினியிலிருந்து டெல்ஃபீன் என்ற பொய்ப் பெயரை நீக்கினார்.

அன்றே டெல்ஃபீனின் விரல்கள் நீராவிபோல் மெலிந்தன. சோளக் கஞ்சிக் கரண்டி அவள் கையை ஊடுருவித் தரையில் விழுந்தது. ஹோசியா வாயை மூடிக்கொண்டார். லூவீனியா ஒரீத்தாவுக்குப் போன் செய்தாள்.

ஒரீத்தா வந்து, கரண்டி விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே நம்பினாள். "உன்னை நிஜமாவே வேலைக்கு எடுக்கச் சொல்றேன். பிறந்த நாள் என்னைக்கு?"

"பிப்ரவரி முப்பது, மேடம். இன்னும் வரல."

"காத்துக்கிட்டா இருந்தே?"

"வருஷா வருஷம்."

லூவீனியா அடுப்பைப் பற்றவைத்தாள். "பொய்யில பொறந்தது அவ குத்தமா? ஒரு கேக்கு சுட்டா நமக்கென்ன குறைஞ்சு போகுது."

அது பிப்ரவரி இருபத்தெட்டு. மறுநாள் ஊரில் மார்ச் பிறந்தது. இல்லத்தின் வாசலுக்கு உள்ளே பிப்ரவரி நீண்டது. லூவீனியாவும் ஒரீத்தாவும் மாறி மாறிக் கெஞ்சியதில் ஹோசியா பாலை மட்டும் சொட்டுச் சொட்டாக விழுங்கினார். அதற்கு அடுத்த நாள், முப்பதாம் தேதி காலை, சக்கர நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கேரமல் கேக்கில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். டெல்ஃபீன் ஊதினாள். சுடர் அணைந்தது. ஒரீத்தா திரியைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. டெல்ஃபீன் கரண்டியை எடுத்தாள். ஹோசியா வாயைத் திறந்தார்.

அன்றே நிர்வாகி அவளை ஒரே ஒரு ஷிப்டுக்கு, முழுச் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார். லூவீனியா தன் வீட்டின் பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். ஒரீத்தா நடந்ததையெல்லாம் எழுதிய புது அறிக்கையில் பிப்ரவரி முப்பது என்று தேதியிட்டு, பயணச் செலவுக் கணக்கோடு அனுப்பினாள். தலைநகரிலிருந்து பதில் வந்தது: பெட்ரோல் ரசீது ஒன்று குறைகிறதாம்.