வா என்று கேட்க நூற்றுப் பதினொரு நாள்

ரைட்டர் அண்ணாச்சி என்றால்தான் மேலகரத்தில் சிவனணைந்தபெருமாளைத் தெரியும். தென்காசிப் பக்கத்துக் காவல் நிலையங்களில் முப்பது வருஷம் ரைட்டராக உட்கார்ந்து வழக்கு எழுதியவர். எழுதிய வார்த்தையை அடித்துத் திருத்துவது அவருக்குப் பெரிய மானக்கேடு. ஓய்வு பெற்ற பிறகு எழுத ஒன்றும் இல்லாமல் போகவே, வீட்டில் உத்தரவு போட ஆரம்பித்தார்.

மகன் இசக்கிராஜா கப்பலில் வேலை பார்க்கிறவன். மணிலாவில் மாரிசெல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதாகவும், ஆடிச் சாரலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும் பங்குனிக் கடைசியில் போனில் சொன்னான். பெருமாள் நடுவீட்டில் நின்று மனைவி வள்ளித்தாயிடம் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

“தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாத பிள்ளைகிட்ட, இந்த வீட்டுல ஒருத்தரும் தமிழ்ல ஒரு வார்த்தை பேசப்படாது. வாசல்ல வந்து நின்னாலும் தமிழ்ல வான்னு கேக்கப்படாது. மீறிக் கேட்டா அன்னைக்கே நான் படியிறங்கிருவேன். கேட்டுக்கிட்டியாட்டி?”

சாதி என்று வாய்விட்டுச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று மனுஷன் மொழியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா விளங்காது?

வா என்று கேட்காத வீட்டில் இந்தப் பக்கத்து ஆட்கள் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். வள்ளித்தாய்க்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் இரண்டு வீட்டுக்கும் ஒரு வரப்புத் தகராறு. அந்த நேரம் பார்த்து மகளைப் பார்க்க ஒரு தார் நேந்திரம்பழத்தோடு அவள் அப்பா வந்து இதே வாசலில் நின்றார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெருமாள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வள்ளித்தாய் அடுப்படியில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாரைப் படியில் வைத்துவிட்டு அவர் திரும்பிப் போனார். சாகும்வரை வரவேயில்லை. வள்ளித்தாய்க்கு மாமியார் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அன்றைக்குப் பேசாமல் நின்ற தன் வாய் மேல் இருந்த கோபம் மட்டும் ஆறவில்லை.

அன்று மாலை பாத்திரம் துலக்கிக்கொண்டே உத்தரவை நாலு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ரைட்டர் பெண்டாட்டி அல்லவா, ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. தமிழில்தானே பேசக் கூடாது? மறுநாள் காலையில் அவள் போனில், மணிலாக்காரர்கள் பேசுகிற தகலாக் பாஷையைச் சொல்லிக்கொடுக்கிற ஒரு செயலி ஏறியிருந்தது.

செயலி அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதல் வாரப் பாடம் முழுக்கப் பூனை பால் குடித்தது. மூன்றாம் வாரம் மாமாவின் வாத்து சந்தைக்குப் போனது. நாற்பதாம் நாள் விமான நிலையத்தில் யாருடைய பெட்டியோ தொலைந்தது. ஒரு நாள் விட்டாலும் படித்த நாள் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று போன் மிரட்டியது. காய்ச்சலில் படுத்த அன்றுகூட அவள் விடவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் தமிழ் எழுத்திலேயே அந்த ஊர் வார்த்தைகளை எழுதி அடுப்படி டப்பாக்களில் ஒட்டினாள். நெல்லுக்குப் பலாய், அரிசிக்குப் பிகாஸ், சோற்றுக்குக் கானின். மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் வயல் தெரிந்த சனம்தான் என்று அவளுக்கு ஒரு திருப்தி.

“என்ன, கலெக்டர் பரீட்சைக்கா?” என்று பெருமாள் கிண்டலடித்தார்.

“படிக்கப்படாதுன்னு உத்தரவு இல்லையே.”

“படி படி. ஐம்பத்துமூணு வயசுல உன் நாக்கு எங்க வளையுதுன்னு பாப்போம்.”

வாத்தும் பெட்டியும் வந்ததே தவிர, வாசலுக்கு வந்தவரை எப்படிக் கேட்பது என்று செயலி சொல்வதாக இல்லை. அதற்காகச் சனிக்கிழமை தோறும் வீடியோவில் வகுப்பெடுக்கிற லிகாயா டீச்சரைப் பிடித்தாள். அந்த அம்மாள் பிலிப்பைன்ஸில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வள்ளித்தாயின் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாதியில் நின்றுபோக, போனைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்று, திரும்ப உள்ளே வந்து, இல்லாத ஆளைக் கைநீட்டி அழைத்து நடித்துக் காட்டினாள். டீச்சருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “துலோய் கா, அனாக்” என்றார். உள்ளே வா, பிள்ளை. வள்ளித்தாய் அதை ஆட்டுக்கல்லிடமும் கறிவேப்பிலைச் செடியிடமும் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

நூற்றுப் பதினோராவது நாள், குற்றாலத்தில் லாட்ஜ் போட்டிருந்த இருவரும் காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பாவின் உத்தரவு தெரிந்ததால் இசக்கிராஜா நடைப்படியிலேயே தயங்கினான். மாரிசெல் சாரலில் நனைந்த முகத்தோடு, அவள் ஊரில் உலர்த்திய மாம்பழப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பெருமாள் நாற்காலியை நேர் எதிரே போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வள்ளித்தாய் அடுப்படியிலிருந்து நேரே வாசலுக்கு நடந்தாள்.

“துலோய் கா, அனாக்.”

மாரிசெல் நிமிர்ந்து பார்த்தாள். கண் சட்டென்று நிறைந்துவிட்டது. ஒரு காலைப் படியில் எடுத்து வைத்தாள்.

“நில்லுட்டி! இப்ப என்ன சொன்னே?” பெருமாள் எழுந்துவிட்டார்.

“வான்னு கேட்டேன். தமிழ்ல கேக்கல. நீங்க போட்ட உத்தரவு தமிழுக்குத்தான்.”

இசக்கிராஜாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெருமாளுக்கு முகம் கறுத்துவிட்டது. முப்பது வருஷ சர்வீஸில் செய்யாத காரியத்தை அன்றைக்குச் செய்தார்.

“அப்ப இப்ப சொல்லுதேன். எந்தப் பாஷையிலயும் கேக்கப்படாது. எந்தப் பாஷையிலயும்!”

ஓட்டை அடைபட்டுவிட்டது. பாஷை புரியாவிட்டாலும் அதட்டல் புரியாதா? மாரிசெல் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள். குனிந்து, பழப் பையைப் படியில் வைக்கப் போனாள்.

அந்தப் பையைப் பார்த்ததும் வள்ளித்தாய்க்கு ஓட்டையும் வேண்டாம், சந்தும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. தெரு முழுக்கக் கேட்கிற குரலில் தமிழிலேயே கேட்டாள்.

“வா தாயி. உள்ள வா. இது என் வீடு, நான் கேக்கேன், வா!”

பிறகு சுவர் ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“படியிறங்குததா இருந்தா இறங்குங்க. வெளிய சாரல் அடிக்குது. நனைஞ்சிராதீக.”

ரைட்டர் அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றார். அவருக்கு எதிரே, படியில் நின்றபடி, மாரிசெல் செருப்பைக் கழற்றினாள்.