தாங்கின கை

ட்ரூடி வோசனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தெரியும். அவளைத்தான் யாருக்கும் தெரியாது. மூன்று வருடமாக சியர்லீடிங் குழுவில், அதாவது விளையாட்டுப் போட்டிகளில் கோஷம் போட்டு, ஒருத்தியை மேலே தூக்கி எறிந்து பிடித்து வித்தை காட்டும் குழுவில் இருக்கிறாள். ஆனால் ஆட்டத்தின் இடைவேளையில் அத்தனை பேர் கண்ணும் மேலே பறக்கிற பிரின்லி மேல்தான் இருக்கும். பிரின்லியின் பாதத்தைத் தாங்கிக்கொண்டு கீழே நிற்கிறவளை யார் பார்ப்பார்கள்? பள்ளியின் ஆண்டு மலரில்கூட ட்ரூடியின் நெற்றியும் இரண்டு முழங்கைகளும்தான் வந்திருந்தன.

அதனால்தான், ஹாலொரன் சாரின் இசை நாடகத்துக்கு ஆள் தேர்வு என்று பலகையில் தாள் ஒட்டியதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் எழுதினாள். ஹாலொரன் சரித்திர வாத்தியார். ஊர் ஆற்றங்கரை மாவு மில்லை வைத்து அவரே பாட்டெழுதி, அவரே மெட்டுப் போட்ட நாடகம். ட்ரூடிக்கு நல்ல கனத்த குரல். ஈவிரக்கமில்லாத மில் முதலாளியம்மா வேஷம் அவளுக்குக் கிடைத்தது. முழுசாக ஒரு பாட்டு, மூன்று நிமிடம், மேடை நடுவில் அவள் மட்டும். அன்று ராத்திரி வீட்டில் சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சிக்கல் அந்தப் பாட்டுக்கு முன்னால் இருந்தது. வேலைக்காரப் பெண்ணாக நடிக்கும் ஆனிகா, மில்லின் பால்கனியிலிருந்து கீழே விழுந்து சாகிறாள். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தடிமனான மெத்தை உண்டு, ஆபத்தில்லை. முதலாளியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, திகைத்து நிற்கும் தொழிலாளிகளிடம் ஒரே வசனம் சொல்ல வேண்டும்: "மணி இன்னும் அடிக்கலை. அவங்கவங்க இடத்துக்குப் போங்க." உடனே பாட்டு.

முதல் ஒத்திகையில் ஆனிகா விழுந்தாள். ட்ரூடி ஓடிப்போய்ப் பிடித்துவிட்டாள். இரண்டாவது ஒத்திகையிலும் பிடித்தாள். மூன்றாம் முறை ஹாலொரன் அவளை மேடையின் மறுகோடியில் நிறுத்தினார். அங்கிருந்து பாய்ந்து, வழியில் நின்ற இரண்டு தொழிலாளிகளைத் தள்ளிவிட்டுப் பிடித்தாள்.

"ஏம்மா, நீ கல்நெஞ்சக்காரி. கொலைகாரின்னுகூடச் சொல்லலாம். ஞாபகம் இருக்கா?" என்றார் ஹாலொரன்.

"இருக்கு சார். கைக்குத்தான் இல்லை."

"நான் செத்து மூணு நாளாச்சு, இன்னும் சாக விடமாட்டேங்கிறா சார்," என்றாள் ட்ரூடியின் கையில் தொங்கிக்கொண்டே ஆனிகா.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தாங்கின கையும் அந்த ஜாதிதான். சியர்லீடிங் பயிற்சியாளர் டானாவுக்கு ஒரே வேதம்: மேலேயிருந்து விழுகிறவளின் தலை தரையில் படக்கூடாது. பக்கத்தில் இருப்பவள் யாரானாலும் அடியில் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்திலும் மாடிப்படியிலும், சொல்லாமல் கொள்ளாமல் மணல் நிரப்பிய பையை மேலேயிருந்து தள்ளிவிடுவார். பை தரையைத் தொட்டால் மொத்தக் குழுவுக்கும் இருபது தண்டால். மூன்று வருடம் இப்படி வளர்த்த கையிடம் திடீரென்று கருணை வேண்டாம் என்றால் அது கேட்குமா?

புதன்கிழமை ஹாலொரன் பொறுமை தீர்ந்துபோய்ச் சொன்னார். "சனிக்கிழமை முதல் காட்சி. இன்னும் ஒரு தடவை கை நீண்டதுன்னா இந்த வேஷம் நோராவுக்கு. அவளுக்கு உன் பாட்டுல பாதிகூட வராது. ஆனா சும்மா நிக்க வரும்."

ட்ரூடி வீட்டுக்குப் போய் அழுதாள். அழுது முடித்ததும் அப்பாவை மாடிப்படியில் ஏற்றினாள். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த மனிதர், வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே எறிந்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை பத்துக்கு நான்கு விழுந்தன. வெள்ளிக்கிழமை காலை பத்தும் விழுந்தன. அன்று மாலை ஒத்திகையில் ஆனிகா நிம்மதியாகச் செத்தாள்.

எல்லாம் சரி. ஆனால் நாடகத்தின் கதையை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று ஹாலொரன் கட்டளை போட்டிருந்தார். ட்ரூடி வாக்குத் தவறாத பெண். தன் குழுவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை திரை விலகியபோது முதல் வரிசையில் அவள் குழுவின் ஒன்பது பேர், சீருடையோடு, தலையில் ரிப்பனோடு, ஒரு வாளி பாப்கார்னைக் கைமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரின்லி. ட்ரூடி மேடைக்கு வந்ததுமே கையைத் தட்டி அவள் பேரை எழுத்தெழுத்தாகக் கூவினார்கள். முதலாளியம்மா சிரிக்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கட்டம் வந்தது. பால்கனிக் கம்பி உடைந்தது. ஆனிகா வீரிட்டபடி விழுந்தாள். ட்ரூடியின் தோள் துடித்தது, கை மட்டும் கட்டியது கட்டியபடி நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அப்போது பாப்கார்ன் வாளி உருண்டது. முதல் வரிசை மொத்தமும் ஒரே பாய்ச்சலில் மேடை விளிம்புக்கு வந்துவிட்டது. ஒன்பது பேர், முழங்கால் மடங்கி, பதினெட்டுக் கைகள் நீண்டு. பிரின்லியின் ஒரு கால் மேடையிலேயே இருந்தது. மூட்டைக்குப் பின்னால் பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அரங்கில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பியானோ நின்றுபோயிற்று. திரை ஓரத்தில் ஹாலொரன் தலையைப் பிடித்துக்கொண்டார். தன் மூன்று நிமிடம் கண்ணெதிரே கரைவதை ட்ரூடி பார்த்தாள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, சுத்தமான கோபம்.

அவள் அவசரப்படாமல் மேடை விளிம்புக்கு நடந்தாள். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். தோழிகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கடைசியில் பிரின்லியை.

"மணி இன்னும் அடிக்கலை," என்றாள். "அவங்கவங்க இடத்துக்குப் போங்க."

சிரிப்பு அப்படியே அடங்கியது. பிரின்லி காலை இறக்கினாள். ஒன்பது பேரும் அப்படியே பின்னோக்கி நகர்ந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். ட்ரூடி பாடினாள். மூன்று நிமிடம் அந்த அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. எல்லோரும் அவளை மட்டுமே பார்த்தார்கள்.

காட்சி முடிந்து வெளிக்கூடத்தில், அப்பா கொடுத்த பூங்கொத்தோடு நின்றவளிடம் பிரின்லி வந்தாள். கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"ஏண்டி, அவ விழறா, நீ மரம் மாதிரி நிக்கிறே."

"நடிப்புடி அது."

"தெரியும். ஆனா உன் மூஞ்சி நிஜமா இருந்துச்சு. மூணு வருஷமா கீழ நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் மேல ஏறுறேன். திங்கக்கிழமை எப்படி ஏறுவேன், சொல்லு."

தன்னை ஒருத்தி மூன்று வருடமாக இத்தனை நம்பியிருக்கிறாள் என்பதே ட்ரூடிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிரின்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெஞ்சின் மேல் ஏறினாள். ஒரு வார்த்தை சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

பூங்கொத்து தரையில் சிதறியது. பிரின்லி ட்ரூடியின் கையில் இருந்தாள்.

"விழறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதாடி?"

"ஆனிகா சொன்னாளா?" என்றாள் பிரின்லி, இறங்குகிற உத்தேசமே இல்லாமல். "நாளைக்கும் நாடகம் இருக்குல்ல? நாங்க வர்றோம். அஞ்சாவது வரிசையில உக்காந்துக்கறோம்."

"பத்தாவதுல உக்காருங்க," என்றார் அந்தப் பக்கமாகப் போன ஹாலொரன்.