துபாயிலிருந்து மூன்று மணி நேரம்

அப்பா பூதத்தான் விடியற்காலையில் இறந்துபோனார். பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டியது நான்தான். அதற்காக ஐரோலியில் பார்த்துவந்த ஆபீஸ் வேலையையும் விட்டேன். ஆனால் கொள்ளி வைக்க மகன் வேண்டுமே! அண்ணன் மாரிசெல்வம் துபாயில் இருந்தான்.

சித்தப்பா மகன் பேச்சிராஜா உடனே போனில் தேடி, எங்கள் தாராவி சந்து முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான்.

"துபாய் டு மும்பை ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். பிளைட்ல மூணே மணி நேரம். அண்ணன் மத்தியானத்துக்குள்ள வந்துரும்!"

அண்ணனும் "கெளம்பிட்டேன்" என்றுதான் சொன்னான். சித்தப்பா வெயிலுமுத்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று சுனாபட்டி, திலக் நகர் சொந்தங்களுக்கெல்லாம் செய்தி போனது. விமானம் பறக்கிற நேரத்தைத்தான் எல்லோரும் கணக்குப் போட்டோம். அவன் துபாயை விட்டே கிளம்பவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. "லீவு தர மாட்டேங்கான் சித்தப்பா. நாளைக்குப் பாக்கேன்."

போன மாதம் கூட்டாளி கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை வந்து சனிக்கிழமை திரும்பியவன்! அப்போது லீவும் கிடைத்தது, டிக்கெட்டும் கிடைத்தது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஐஸ் பெட்டியை நம்பி இன்னும் ஒரு நாள் வைத்திருக்க முடியாது.

"நான் கொள்ளி வைக்கேன் சித்தப்பா" என்றேன்.

"ஏளா, கிறுக்குப் புடிச்சிருக்கா? பொம்பள சுடுகாட்டு வாசல மிதிக்கலாமா? பேச்சிராஜா வைப்பான். மாரி வீடியோ கால்ல பாக்கட்டும். பெத்த மவன் பாக்காண்டாமா?"

"பெத்த மவ பாக்காண்டாமா?"

"இப்பிடி எதுத்துப் பேசுததுக்கா ஒங்கப்பன் ஒன்ன வளத்தான்?"

பேச்சிராஜாவின் போனில் சார்ஜ் இல்லை. "யக்கா, ஒம் போனத் தா. அண்ணனுக்குக் காட்டணும்" என்று கை நீட்டினான். அப்பா கிடக்கும்போது சண்டை எதற்கு என்று கொடுத்துத் தொலைத்தேன்.

சந்து முக்கில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். சுடுகாடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். "வீட்டக் கழுவி விட்டுத் தலை முழுகுங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா நடந்தார். அண்ணன் முகம் தெரிகிற என் போனைப் பிடித்தபடி ஒருவன் பின்னால் போனான். என் போன் போகலாம், நான் போகக் கூடாது. திரும்பி வந்து வீட்டைக் கழுவினேன்.

போன் கைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் மறுபடி கூப்பிட்டான்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா? அழாதளா கோகிலா."

அவனைத் திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, நீ பாத்தேல்லா? கடைசியா மூடும்போது அப்பா மொகம் எப்பிடி இருந்துச்சு? சொல்லு."

அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"பாதியில சூப்பர்வைசர் வந்துட்டான்ளா. போனப் பாக்கெட்டுல போட்டுட்டேன்."